தொட்ட பந்தும் தொடாத குவளையும்

மாலை வேளையில் இராயபுரத்துக் கடலோரத் தெருக்களில் நடந்து பாருங்கள். சுவரில் கரிக்கோடு மூன்று, அதுவே ஸ்டம்பு. பலகைத் துண்டொன்று, அதுவே மட்டை. மீனவர் மகன் பந்து வீசுகிறான், துறைமுகத் தொழிலாளியின் மகன் அடிக்கிறான், எண்ணூர் ஆலையிலிருந்து திரும்பிய தந்தை களைப்பையும் மறந்து கைதட்டுகிறார். பந்து கைக்குக் கை மாறுகிறது. அந்தக் காட்சியைக் காணுந்தோறும், பந்து பிடித்த கையையே பழித்த காலமொன்று நம் நினைவுக்கு வருகிறது. பல்வங்கர் பாலு என்ற பெயரும் உடன் வருகிறது.

யார் இந்தப் பாலு? தோல் தொழிலோடு பிணைத்துத் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட சமார் குலத்தில் பிறந்தவர். 1892-இல் புனாவின் ஐரோப்பியர் கழகத்தில் மாதம் 4 ரூபாய்க் கூலிக்கு ஆடுகளத்தைச் செப்பனிட்டவர். கிரெய்க் என்னும் வெள்ளையர் பயிற்சி பெறுவதற்காக மணிக்கணக்கில் இடக்கையால் பந்து வீசினார். வீசி வீசியே வித்தகரானார். ஆனால் மட்டை பிடிக்க அவரை அங்கு எவரும் அழைக்கவில்லை.

ஐரோப்பியரை வெல்ல வேண்டுமென்ற ஆசை புனா இந்துக்களுக்கு எழுந்தது. பாலுவின் கை தேவைப்பட்டது, பாலு தேவைப்படவில்லை! களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவரும் தொட்டனர். தேநீர் இடைவேளை வந்ததும் அவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை; பாலுவுக்கு வெளியே மண்குவளை. உணவுக்கும் தனி மேசை. பந்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் மட்டும் ஒட்டுமாம்! இதைவிட வேடிக்கையான வேதாந்தம் உண்டோ? தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்ட தமிழகத்துக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

1911-இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெற்ற தோல்விகள் பல. பாலு வீழ்த்திய விக்கெட்டுகளோ 114! கடல் கடந்த நாட்டில் கணக்கெடுத்தவர்கள் விக்கெட்டை எண்ணினார்கள், குலத்தை எண்ணவில்லை.

அதனால் அயல்நாடெல்லாம் அறத்தின் இருப்பிடம் என்று நாம் கூறவில்லை. 1908-இல் அவானாவில், அமெரிக்காவின் சின்சினாட்டி அணியைத் தன் பேஸ்பால் வீச்சால் திணறடித்தார் கியூபாவின் ஹோசே மெண்டஸ். ஆயினும் தோல் கறுப்பென்பதால் அமெரிக்கப் பெருங்கழகங்களின் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை. அங்கே நிறம், இங்கே பிறப்பு; பூட்டு ஒன்றே.

இங்கிலாந்தின் புகழோடு திரும்பிய பாலுவுக்கு இந்து அணியின் தலைமை கிடைத்ததா? இல்லை. மேல்சாதியினர் தலைவராயினர், தகுதி மிக்கவர் தொண்டராகவே நின்றார். 1920-இல் தம்பியர் விட்டலும் சிவராமும் பொறுமை இழந்தனர். அண்ணனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து அணியினின்று விலகினர். அதன்பின் பாலுவுக்குத் துணைத்தலைமை வந்தது. 1923-இல் விட்டல் தலைவரே ஆனார்.

பாலுவின் அரசியல் வேறு வழியில் சென்றதையும் மறைக்க வேண்டியதில்லை. 1932-இல் நம் சென்னையின் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1937 தேர்தலில் டாக்டர் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். 1955-இல் மறைந்தார். கருத்து வேறுபடலாம், அவர் பட்ட இழிவும் பெற்ற வெற்றியும் வரலாறு.

அந்த வரலாறு கூறுவது என்ன? திறமை கைதட்டலைப் பெற்றுத் தந்தது. சமத்துவத்தைப் பெற்றுத் தரவில்லை. 114 விக்கெட்டுகளால் திறவாத கதவு, இரு தம்பியர் "ஆட மாட்டோம்" என்றதும் அசைந்தது. உழைப்பைக் கொள்வோம், உழைத்தவனை ஒதுக்குவோம் என்னும் வஞ்சகத்துக்கு மறுப்பே மருந்து.

இராயபுரத்துச் சிறுவர்களே, நன்றாக வீசுங்கள்! ஆட்டம் முடிந்ததும் ஒரே குவளையில் நீர் அருந்துங்கள். நாங்கள் காண விரும்பும் வெற்றி அதுவே.