சிறைவாயிலுக்கு வெளியே ஒரு வீடு

தண்டனை முடிந்தவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவதோடு அரசின் கடமை தீர்ந்துவிடுமா? குற்றவாளிகளைக் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிவந்த காலம் வரையில் பிரித்தானிய அரசுக்கு இவ்வினா பெருங் கவலையாக இருக்கவில்லை. குடியேற்ற நாடுகள் அவர்களை ஏற்க மறுக்கத் தொடங்கியபின், 1853ஆம் ஆண்டுச் சட்டம் பலருக்கு நாடுகடத்தலுக்குப் பதிலாக உள்நாட்டுச் சிறைத்தண்டனையை விதித்தது. கடல் கடந்து போனவன் இனி அடுத்த தெருவுக்கே திரும்பி வருவான் என்னும் நிலை உண்டாயிற்று.

அயர்லாந்துச் சிறைகளின் தலைமைப் பொறுப்பை 1854இல் ஏற்ற வால்ட்டர் குரொவ்டன் இதற்கொரு வழி கண்டார். முதலில் தனியறை வாசம். அடுத்து ஏனைய கைதிகளோடு கூடிய கடும் உழைப்பு. அதன்பின், விடுதலைக்கு முன்னதாக, ‘இடைநிலைச் சிறை’. டப்ளின் நகருக்கு வடக்கேயுள்ள லஸ்க் என்னுமிடத்தில் 1856இல் அத்தகைய சிறையொன்று அமைந்தது. அதற்கு மதிலில்லை. இரும்புக் குடில்களில் தங்கிய கைதிகள் தரிசு நிலத்தைத் திருத்திப் பயிர்நிலமாக்கினர். காவலர் மிகச் சிலரே, அவர்களிடம் ஆயுதமுமில்லை. ஓடிப்போக வாய்ப்பிருந்தும் ஓடாதவனையே ஊர் நம்பும் என்பது குரொவ்டனின் கருத்து.

ஆயினும் நம்பிக்கை மட்டும் சோறு போடாது. டப்ளின் சிமித்பீல்ட் இடைநிலைச் சிறையில் விரிவுரையாளராயிருந்த ஜேம்ஸ் ஓர்கன் இதனை உணர்ந்தார். கைதிகளுக்குப் பாடஞ் சொன்ன அவரே, தொழில்கொள்வோரை நாடிச் சென்று வேலை கேட்டார். கைதியின் பழைய வாழ்வை மறையாது எடுத்துரைத்தார். விடுதலையானோரை வேலைத்தலங்களில் தொடர்ந்து சென்று கண்டார். முதலில் தயங்கிய முதலாளிமார் சிலர், ஒருவனைச் சேர்த்துப் பார்த்தபின் மேலும் ஆள் கேட்டனர்.

எனினும் இடைநிலைச் சிறையும் சிறையே. தண்டனை முற்றாக முடிந்தபின், செல்ல வீடே இல்லாதவன் எங்கே போவான்? ஏறக்குறைய நூறாண்டு கழித்து, இலண்டனில் இக்கேள்விக்கு விடை தேடியவர் மேர்வின் ரேணர் என்னும் வேல்ஸ் நாட்டவர். இரண்டாம் உலகப் போரில் படைசேர மறுத்துத் தாமே சிறையிருந்தவர் அவர். பின்னர்ச் சிறைகளுக்குச் சென்று கைதிகளைச் சந்தித்துவந்தபோது, அதே முகங்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார். சிறு களவு, குறுகிய தண்டனை, விடுதலை, மறுபடியுஞ் சிறு களவு. இதுவே அவர்களின் வாழ்க்கைச் சக்கரம். கொடியவர் என்பதினும் யாருமற்றவர் என்பதே அவர்களுக்குப் பொருந்தும்.

1954இல் வட இலண்டனில் ‘நோர்மன் இல்லம்’ திறக்கப்பட்டது. அது சிறிய இல்லம். ரேணரும் மனைவியாரும் அங்கேயே வாழ்ந்தனர். பகலில் வேலைக்குச் சென்றவன், மாலையில் ஒரே மேசையில் அவர்களுடன் உணவுண்டான். பிரித்தானியாவிற் பின்னர் எழுந்த இத்தகைய இல்லங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று.

அங்கு சென்றோர் அனைவரும் திருந்திவிடவில்லை. தவறி மீண்டும் சிறை புகுந்தோரும் உண்டு. ஆயினும் இவ்விரு முயற்சிகளும் ஓருண்மையைக் காட்டுகின்றன. பூட்டும் மதிலும் ஒருவனைக் குறித்த நாள் வரையுமே தடுக்கவல்லன. அந்நாளுக்குப் பின் அவனைத் தடுப்பவை செய்வதற்கு ஒரு தொழிலும், மாலையில் அவன் வரவை எதிர்பார்த்திருக்கும் ஒரு வீடுமே.