நீலச் சட்டைக்கு உரியவர்

பலெர்மோவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் 'நாங்கள் இத்தாலியரா?' என்று கேட்கும்போது எனக்கு மார்க் மினிக்கியெல்லோதான் நினைவுக்கு வருவார்.

அவர் ரக்பி லீக் ஆட்டக்காரர். அணியின் 13 பேரில் முன்னணியில் நிற்கும் 6 பேருக்கு, பந்தோடு மோதுவதும் மோத வருபவரை மறிப்பதும்தான் பாடு. மார்க் அந்த 6 பேரில் ஒருவர். 1982இல் சிட்னியில் பிறந்தார். கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸில் நெடுநாள் ஆடினார். பிறகு இங்கிலாந்தின் ஹல் அணியோடு 2016, 2017 இரண்டு ஆண்டும் சவால் கிண்ணம் வென்றார்.

2013 உலகக் கிண்ணத்தில் அண்ணன் அந்தோனியின் தலைமையில் அவர் அணிந்தது இத்தாலியின் நீலச் சட்டை. அதற்கு வம்சாவளி போதுமாயிருந்தது. அந்த அணி கார்டிஃபில் வேல்ஸை 32-16 என வென்றது.

கடல் கடந்து போனவர்களின் வழித்தோன்றல்களை இத்தாலி நெடுங்காலம் தன்னவராகவே எண்ணியது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளோ, பெற்றோருக்குக் குடியுரிமை இல்லாவிட்டால், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுவரை காத்திருக்க வேண்டும்.

ரக்பி லீக்கின் விதி பிறந்த மண்ணையும் ஏற்கிறது. ஞாயிறுகளில் எங்களோடு மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடும் பிள்ளை, சட்டம் ஏற்குமுன்னே அந்த நீலச் சட்டைக்கு உரியவன்.