வதந்தி, புரளி, அவதூறு

திரேஸ்புரம் கரையில் வள்ளங்கள் வந்து சேரும் நேரத்தில் மீனோடு செய்திகளும் கைமாறும். "ராத்திரி கடல் பொங்குமாம்" என்கிறார் ஒருவர். யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க" என்பார். வதந்தி என்ற சொல்லின் பொருளே அதுதான். வடமொழியில் அதற்குச் ‘சொல்கிறார்கள்’ என்று அர்த்தம். சொன்னவர் பெயர் அதில் இல்லை.

‘பொங்குமாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ நம் மொழி தந்த நல்லதொரு வேலி. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று அது ஒப்புக்கொள்கிறது. நான்கு பேர் வாய் மாறியதும் அந்த ‘ஆம்’ உதிர்ந்து, ‘பொங்கும்’ என்றாகிவிடுகிறது!

புரளி வேறு. அது தானாக வராது. யாரோ ஒருவர் நோக்கத்தோடு கிளப்புவது. அதையே ஒருவருடைய நற்பெயரைக் குறிவைத்துச் சொன்னால் அவதூறு. திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2477) இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் குற்றத்தை நம்புவதும், தக்க காரணமின்றி அவரது உண்மையான குறையையே அம்பலப்படுத்துவதும்கூடப் பாவங்களே. ‘உள்ளதைத்தானே சொன்னேன்’ என்று நாம் சொல்லும் சாக்கு அங்கே செல்லாது. விடுதலைப் பயண நூலோ (23:1) பொய்ச்செய்தி பரப்புவதையும் பொய்ச்சாட்சிக்குத் துணைபோவதையும் ஒரே மூச்சில் விலக்குகிறது. 2018-ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், முதல் பொய்ச்செய்தியை ஏதேன் தோட்டத்துப் பாம்பின் வாயிலேயே கண்டார்.

எல்லாத் தவறான செய்தியும் புரளியல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரலாம் என்று நடுவண் உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. தமிழகக் கடலோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிவாரணப் பணிகள் தடைப்பட்டன. அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பே அதற்கு அடிப்படை. அதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று அன்றே அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் மறுத்தார். அலை வரவில்லை. ஓடியவர்களை யார் குறை சொல்ல முடியும்?

கடலோரத்தில் பொய்ச்செய்தியின் விலை ஒருநாள் தொழிலோடு முடிவதில்லை. ‘போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க’ என்று மெய்யான எச்சரிக்கையையும் தட்டிவிடும் பழக்கம் வந்துவிடும். 2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுத்ததும் அந்த மையம்தான். பேரலை எழாததைக் கண்டு அன்றே அதை விலக்கியதும் அதே மையம்தான்.