பெயர்ப்பதிவும் விதிவிலக்கும்: அமெரிக்கப் படைச்சேவைப் பதிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1980 ஆம் ஆண்டு யூலை மாதம் 21 ஆம் திகதி திங்கட்கிழமை தொடக்கம் இரு வார காலம் ஐக்கிய அமெரிக்காவின் தபாற் கந்தோர்களிற் புதியதோர் அலுவல் நடைபெற்றது. முதல் வாரத்தில் 1960 ஆம் ஆண்டிற் பிறந்த ஆண்களும், அடுத்த வாரத்தில் 1961 ஆம் ஆண்டிற் பிறந்த ஆண்களும் வந்து, தம் பெயர், முகவரி, பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஆகியவற்றை ஒரு சிறு படிவத்திற் குறித்துக் கையொப்பமிட்டு எழுதுவினைஞரிடம் கொடுத்துச் சென்றனர். முத்திரை விற்கப்படும் அதே கருமபீடத்திலேயே இதுவும் நடந்தது. இனிமேற் பதினெட்டு வயதை அடையும் ஒவ்வோர் ஆணும், பிறந்தநாளுக்கு முந்திய முப்பது நாட்களிலோ பிந்திய முப்பது நாட்களிலோ, இவ்வாறு பதிதல் வேண்டும் என்பது ஜனாதிபதி கார்ட்டரின் பிரகடனம். பதியாதார்க்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டம் இடமளித்தது.

இதில் வியப்பு யாதெனில், அப்பொழுது அந்நாட்டிற் கட்டாய ஆட்சேர்ப்பே இருக்கவில்லை. ஆட்களைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் அதிகாரம் 1973 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் முடிவுற்றுவிட்டது. அதனை மீண்டும் பெறுவதாயின் கொங்கிரஸ் புதிய சட்டம் இயற்றவேண்டும். ஆகவே அந்த இளைஞர்கள் எழுதிக்கொடுத்தது, எவரையும் அழைக்காத ஒரு பட்டியலுக்கான பெயர்.

கட்டாயப் படைச்சேவையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாசறையிலோ போர்க்களத்திலோ தொடங்குவர். அதற்கு முந்திய கட்டமாகிய பெயர்ப்பதிவை அவர்கள் ஓர் அலுவலகக் காரியமாகக் கருதிக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் அமெரிக்க அனுபவத்தைக் கூர்ந்து நோக்குமிடத்து, பதிவேட்டினுள் எல்லோரும் ஒரே வாயிலால் நுழைந்தார்கள் என்பதும், அதிலிருந்து வெளியேறும் வழிகள் மட்டும் வசதியுள்ளோர்க்கே திறந்திருந்தன என்பதும் புலனாகும். இவ்வழிகளே இக்கட்டுரையின் பொருள்.

உள்நாட்டுப் போரின்போது முதலிற் கட்டாயச் சேவையைக் கொணர்ந்தது தென்பகுதிக் கூட்டாட்சியே. அதன் 1862 ஏப்ரல் சட்டத்துக்கு அவ்வாண்டு ஒக்டோபரில் ஒரு விலக்கு வந்து சேர்ந்தது: இருபது அடிமைகளை வைத்திருக்கும் தோட்டமொன்றுக்கு ஒரு வெள்ளையன் போருக்குச் செல்லாது வீட்டிலிருக்கலாம். அடிமை முறையைக் காப்பதற்கான போரில் அடிமையுடையோனுக்கு விலக்கு! வடபகுதி 1863 மார்ச்சில் இயற்றிய சட்டமோ இருபது வயதுக்கும் நாற்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களைப் பதியுமாறு பணித்தது. இராணுவத்தின் ஏவலில் எண்ணுவோர் வீடுவீடாகச் சென்று பெயர் எழுதினர். சீட்டில் பெயர் விழுந்தவன் தனக்குப் பதிலாளொருவனை அனுப்பலாம். அன்றேல் 300 டொலர் செலுத்தி அம்முறைக்குத் தப்பலாம். முந்நூறு டொலர் அக்காலக் கூலித்தொழிலாளி ஒருவனின் ஏறத்தாழ ஓராண்டு உழைப்பாகும்.

இதன் விளைவை யாவரும் அறிவர். 1863 யூலை 13 ஆம் திகதி நியூயோர்க்கில் மூண்ட கலகம் நான்கு நாட்கள் நீடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சீட்டிழுத்த அலுவலகத்தை எரித்தவர்கள் பெரும்பாலும் ஐரிஷ் தொழிலாளர்கள். அவர்களது முறைப்பாடு நியாயமானதே. ஆனால் அக்கோபம் விரைவிலேயே தம்மினும் வறிய கறுப்பின மக்கள்மீது திரும்பியது. கறுப்பினப் பிள்ளைகளின் அநாதை இல்லம் தீக்கிரையாக்கப்பட்டது. கறுப்பினத்தவர் தெருவிளக்குக் கம்பங்களிற் தூக்கிலிடப்பட்டனர். இக்கலகத்தை வர்க்கப் போராட்டமென்று மட்டும் எழுதிவிடும் நூல்கள் இப்பகுதியைச் சுருக்கிவிடுகின்றன. அது நேர்மையன்று.

போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது நிலைமை தெளிவாயிற்று. சேவைக்கெனத் தெரிவானோர் ஏறத்தாழ 2,07,000 பேர். அவர்களுள் 87,000 பேர் பணம் செலுத்தினர். 74,000 பேர் பதிலாள் கொடுத்தனர். தாமே சென்றவர்கள் 46,000 பேர் மட்டுமே. பிற்காலத்தில் ஜனாதிபதியான குரோவர் கிளீவ்லண்டும் பதிலாள் அமர்த்தித் தப்பியவரே.

இத்தோல்வியிலிருந்து அரசு கற்ற பாடம் கவனத்திற்குரியது. இலினோய் மாநிலத்தில் ஆட்சேர்ப்பைக் கவனித்த ஜேம்ஸ் ஓக்ஸ் என்னும் அதிகாரி, போரின் முடிவில் ஓர் அறிக்கை எழுதினார். அரசு குடிமகனின் வாசலுக்குச் செல்லலாகாது, குடிமகனே வந்து தன்னைப் பதியச் செய்தல் வேண்டும் என்பது அவரது முக்கிய ஆலோசனை. அரை நூற்றாண்டாகத் தூசுபடிந்து கிடந்த அவ்வறிக்கையை 1917 ஆம் ஆண்டில் ஜெனரல் கிரௌடர் பயன்படுத்தினார். அவ்வாண்டுச் சட்டத்திற் பணம் செலுத்தித் தப்பும் வழியும் இல்லை, பதிலாளும் இல்லை. பதிவை நடத்தியவர்கள் சிப்பாய்கள் அல்லர், ஊரவர்கள். நடந்த இடங்கள் வழக்கமாக வாக்களிக்கும் நிலையங்கள். 1917 யூன் 5 ஆம் திகதி ஒரே நாளில் இருபத்தொன்று முதல் முப்பது வயது வரையிலான ஏறத்தாழ ஒரு கோடி ஆண்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தனர். இது விருப்பமில்லாதோரைப் பிடித்தல் அன்று, திரளாகத் தொண்டு செய்ய முன்வந்த ஒரு தேசத்திலிருந்து தெரிந்தெடுத்தல் என்று ஜனாதிபதி வில்சன் விளக்கினார். சட்டத்தின் பெயரும் அதற்கிசையவே ‘தெரிவுச் சேவை’ என்றாயிற்று. எண்ணுவோனைக் கல்லால் அடிக்கலாம். தானே கையொப்பமிட்ட படிவத்தை யார்மீது எறிவது? 1918 செப்டெம்பர் வரை பதிந்தோர் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பேர். படையிற் சேர்க்கப்பட்டோர் 28 இலட்சம்.

அவ்வாண்டுப் படிவத்தின் இடப்புறக் கீழ்மூலையில் ஒரு சிறு குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. பதிபவர் ஆபிரிக்க வம்சாவளியினராயின் அம்மூலையைக் கிழித்துவிடுக என்பதே அது. இருவகைப் படை வைத்திருந்த அரசுக்குத் தாளைப் படிக்காமலே பிரித்துக்கொள்ளும் வசதி வேண்டியிருந்தது. பொது நிலையத்தில், ஒரே வரிசையில், ஒரே படிவத்தில் நிறைவேறிய சமத்துவம் அம்மூலை கிழிபடும்வரைதான்.

1940 செப்டெம்பர்ச் சட்டத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அமெரிக்காவின் முதலாவது சமாதானகாலக் கட்டாயச் சேவை அது. இருபத்தொரு வயதில் தொடங்கியது. 1942 நவம்பரில் அவ்வெல்லை பதினெட்டுக்கு இறங்கியது. அக்காலத்தில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வாக்குரிமை இருபத்தொரு வயதிலேயே கிடைத்தது. போரிட வல்லவன் வாக்களிக்கவும் வல்லவன் என்ற வாதம் அரசியலமைப்பின் இருபத்தாறாவது திருத்தமாக நிறைவேறியது 1971 ஆம் ஆண்டிலேயே. பெயர் எழுதும் வயதுக்கும் வாக்கெழுதும் வயதுக்கும் இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

பல்கலைக்கழக மாணவராகிய நாம் கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி வியட்நாம் காலமே. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதினெட்டு வயதான ஒவ்வொருவனும் உள்ளூர்ச் சபையிற் பதிந்தான். அச்சபை அவனை வகைப்படுத்தி ஓர் அட்டை வழங்கியது. அவ்வட்டையை அவன் எந்நேரமும் வைத்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் முழுநேரம் பயில்பவனுக்கு ஒத்திவைப்புக் கிடைத்தது. கொரிய யுத்த காலத்திலும் மீண்டும் 1966 ஆம் ஆண்டிலும், எந்த மாணவன் ஒத்திவைப்புக்குத் தகுதியுடையவன் என்பதைக் கணிக்கத் தேசியப் பரீட்சையொன்று நடத்தப்பட்டது. வகுப்பில் மாணவன் பெற்ற நிலையையும் சபைகள் கேட்டன. புள்ளி ஒன்று இரண்டினால் வாழ்வு திசைமாறுவதை நம் நாட்டு மாணவர் நன்கறிவர். ஆயினும் இங்கே புள்ளி குறைந்தால் நழுவுவது பல்கலைக்கழக இடம். அங்கே குறைந்தவன் மீகொங் ஆற்றுப்படுகைக்குச் செல்ல நேரிடலாம். 1966 மே மாதத்திற் சிக்காகோ பல்கலைக்கழக மாணவர்கள் நிருவாகக் கட்டடத்தைக் கைப்பற்றி அமர்ந்தது இந்த நிலைப்பட்டியலை எதிர்த்தே. தாம் திருத்தும் விடைத்தாள் எவனையோ போருக்கு அனுப்புகின்றது என்று கலங்கிய விரிவுரையாளரும் இருந்தனர்.

இம்முறையின் உள்நோக்கத்தை ஆட்சியாளரே எழுதிவைத்தனர். 1941 முதல் 1970 வரை இச்சேவைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஹேர்ஷியின் அலுவலகம் 1965 ஆம் ஆண்டில் ஒரு குறிப்பு வெளியிட்டது. படைக்கு ஆள் தருவது தம் பணியின் ஒரு பாதியே. ஒத்திவைப்பு என்னும் கவர்ச்சியாலும் அழைப்பு என்னும் அச்சத்தாலும் இளைஞரைப் பொறியியல், விஞ்ஞானம், ஆசிரியத்தொழில் முதலிய துறைகளுக்கு ‘வழிப்படுத்துதல்’ மற்றப் பாதி என்பது அதன் சாரம். போருக்குச் செல்லாதவனையும் பதிவேடு ஆண்டது. எதனைப் படிப்பது, எங்கே வேலை செய்வது என்பன அதனைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டன. எப்போது மணம் முடிப்பது என்பதுகூட அப்படித்தான்: பிள்ளையில்லாத மணமானவர்க்கு இருந்த சலுகையை ஜனாதிபதி ஜோன்சன் 1965 ஓகஸ்ட் 26 ஆம் திகதி நள்ளிரவுடன் நிறுத்தவே, அவ்விரவே திருமணப் பதிவாளரைத் தேடி ஓடிய சோடிகள் பல.

ஓடவோ படிக்கவோ வசதியற்றவர்கள் சென்றனர். 1964 க்கும் 1973 க்கும் இடையில் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் ஆண்கள் படைச்சேவைக்குரிய வயதிலிருந்தனர். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோர் 22 இலட்சம் பேர். யார் அந்த 22 இலட்சம் என்பதைத் தீர்மானித்த உள்ளூர்ச் சபைகளின் உறுப்பினருட் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 1.3 வீதத்தினரே என்று 1967 ஆம் ஆண்டில் அரசாங்க ஆணைக்குழுவே அறிக்கையிட்டது. பட்டப்பின் படிப்புக்கான ஒத்திவைப்புகள் பெரும்பாலும் 1968 இல் நீக்கப்பட்டன. அதன்பின்னரே அமெரிக்க மத்தியதர வர்க்கத்தின் வீடுகளுள் யுத்தம் உண்மையாக நுழைந்தது எனலாம். 1968 க்கு முந்திய மாணவர் எதிர்ப்பைக் குறைத்து மதிப்பது என் நோக்கமன்று. ஆயினும் ஒத்திவைப்பு அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனவர்களின் சங்கடத்தை அவர்களே பின்னர் எழுதியுள்ளனர்.

எதிர்ப்பு இயக்கம் தாளையே தாக்கியதில் ஒரு தர்க்கம் உண்டு. 1966 மார்ச் 31 ஆம் திகதி தென் பொஸ்டன் நீதிமன்றப் படிகளில் அட்டையை எரித்த டேவிட் ஓபிரையனின் வழக்கில், அதனை எரித்தல் பேச்சுரிமைக்குள் அடங்காது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1968 இல் தீர்த்தது. அதே ஆண்டு மே மாதத்தில் மேரிலாந்தின் கற்றன்ஸ்வில்லில், கத்தோலிக்க குருமார் உட்பட ஒன்பது பேர் சபை அலுவலகத்தினின்றும் 378 கோப்புகளை வெளியே கொணர்ந்து, தாமே தயாரித்த நேபாமினால் எரித்துவிட்டுப் பொலிசார் வரும்வரை நின்று செபித்தனர். நேபாம் மனிதர்மீது வீசப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

விலக்குகளின் அநீதியைத் தீர்க்கவென்று 1969 டிசெம்பர் 1 ஆம் திகதி லொத்தர் முறை வந்தது. ஆண்டின் 366 நாட்களும் எழுதப்பட்ட நீலநிறக் குளிகைகள் ஒரு கண்ணாடிச் சாடியிலிருந்து எடுக்கப்பட்டன. முதலில் வந்தது செப்டெம்பர் 14. அதிர்ஷ்டத்தின் முன்னிலையிலாவது எல்லோரும் சமம் என்று கருதியோர்க்கு அதுவும் ஏமாற்றமே: குளிகைகள் மாதவாரியாக இடப்பட்டுச் சரிவரக் கலக்கப்படாமையால், ஆண்டின் இறுதி மாதங்களிற் பிறந்தோர்க்குச் சிறிய இலக்கங்களே மிகுதியாக விழுந்தன என்பதைப் புள்ளிவிபரவியலாளர் காட்டினர். அடுத்த ஆண்டு முறை திருத்தப்பட்டது. அதற்குள் டிசெம்பரிற் பிறந்தோர் சென்றுவிட்டனர்.

1973 இல் ஆட்சேர்ப்பும் 1975 இல் ஜனாதிபதி போர்டின் பிரகடனத்தாற் பதிவும் நின்றன. சேவைக்குத் தப்பியோர்க்குக் கார்ட்டர் 1977 ஜனவரியிற் பொதுமன்னிப்பு அளித்தார். ஆப்கானிஸ்தானுட் சோவியத் படை புகுந்ததும் அதே கார்ட்டர் 1980 இற் பதிவை மீட்டார். பெண்களையும் பதியவேண்டுமென அவர் கேட்டதைக் கொங்கிரஸ் மறுத்தது. அம்மறுப்பு அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 1981 இல் தீர்ப்பளித்தது.

இலட்சக்கணக்கானோர் பதியாதிருந்தனர். வழக்கு வந்ததோ ஏறத்தாழ இருபது பேர்மீது. அவர்களும் பெரும்பாலும், தாம் பதியப்போவதில்லை என்று அரசுக்குக் கடிதம் எழுதியோரும் பகிரங்கமாகப் பேசியோருமே. மௌனமாக இருந்தவனை எவரும் தேடவில்லை. 1986 க்குப் பின்னர் அவ்வழக்குகளும் இல்லை. பதியாதோரைக் கண்டறியத் திணைக்களம் தேடிய பெயர்ப்பட்டியல்களுள் ஓர் ஐஸ்கிறீம் கடையின் பிறந்தநாட் பட்டியலும் இருந்தது. இலவச ஐஸ்கிறீமுக்காகச் சிறுவர் சிலர் விளையாட்டாக எழுதிக்கொடுத்த, இல்லாத ஒருவனின் பெயருக்கு, அவன் பதினெட்டு வயதை ‘அடைந்தபோது’ 1984 இற் படைச்சேவை நினைவூட்டற் கடிதம் வந்துசேர்ந்தது.

வழக்கினும் வலிய கருவி 1982 இற் கிடைத்தது. பதியாதவனுக்கு அரசின் மாணவர் உதவிப்பணம் இல்லை என்று கொங்கிரஸ் விதித்தது. சொந்தச் செலவிற் படிக்கக்கூடியவனுக்கு அவ்விதி ஒரு பொருட்டன்று. பதிந்தாயா என்று அவனை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கப்போவதில்லை. 1984 இல் உயர் நீதிமன்றம் அவ்விதியை ஏற்றுக்கொண்டபோது மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் தேர்குட் மார்ஷல், அது செல்வத்தின் அடிப்படையிலான பாகுபாடு என்பதைச் சுட்டிக்காட்டினார். 300 டொலர் விலக்கு ஒழிந்து அப்போது நூற்றிருபது ஆண்டுகள் கடந்திருந்தன. உதவிப்பணத்தைப் பதிவுடன் பிணைத்த அந்நிபந்தனையை 2020 டிசெம்பரில் நிறைவேறிய சட்டமொன்று நீக்கியது. பெயர் பதியும் கடமையை அச்சட்டம் தொடவில்லை.