லவ்பேர்டும் நம் மலை இறக்கமும்



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. பத்தொன்பது வருடம் உழைத்த எங்கள் பெட்ரோல் காருக்கு இனிமேல் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். என் மனைவிக்கு மாதம் ஒருமுறை கோயம்புத்தூரில் கண்ணுக்கு ஊசி போட வேண்டும். ஊசி போட்ட கண்ணோடு பஸ்ஸில் நெரிபட்டு குன்னூர் திரும்புவது அவளால் ஆகாது. ஆகவே கார் இல்லாமல் முடியாது.

கோவையில் இருக்கும் மகன் ஒரே போடாகப் போட்டான். "எலக்ட்ரிக் கார் எடுத்துக்கலாம்ப்பா. போன்லயே புக் பண்ணிடறேன். எத்தனை கிலோமீட்டர் ஓடும், எவ்வளவு நேரம் சார்ஜ் ஆகும், எல்லாம் அதுலயே போட்டிருக்கு. ஓட்டிப் பார்க்க என்ன இருக்கு? கியர்கூடக் கிடையாது."

நான் முப்பத்து நாலு வருடம் எழுத்தராக இருந்தவன். அசலைப் பார்க்காமல் நகலில் "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்தும் பழக்கம் இல்லை. "ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கணும். அதுவும் நம்ம ரோட்டில்" என்றேன். அவன் சிரித்தான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் பார்த்தபோது கிடைத்த பழைய கதைகள்தான் இந்தக் கட்டுரை.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. சுருட்டுப் போன்ற ஒரு வண்டி; அதன் மேல் பாதி உடம்பு வெளியே தெரிய ஒருவர் உட்கார்ந்திருப்பார். வண்டியின் பெயர் லா ஜமே கோந்தாந்த். 'ஒருநாளும் திருப்திப்படாதவள்' என்று அர்த்தம். வகுப்பில் அந்தப் பெயருக்கு நாங்கள் சிரித்தது நினைவிருக்கிறது. பெல்ஜியத்துக்காரர் கமீய் ஜெனாத்ஸி 1899ல் பாரிசுக்கு அருகே ஆஷேர் என்ற இடத்தில் இதை ஓட்டி, மணிக்கு 105.88 கி.மீ. வேகம் காட்டினார். மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டிய முதல் கார் அதுதான். அது பேட்டரியில் ஓடிய மின்சார வண்டி! பெட்ரோல் கார்கள் அந்த நாளில் அதன் பின்னால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சாதனை அளக்கப்பட்டது ஒரே ஒரு கிலோமீட்டருக்கு. நேரான, சமதளமான ரோட்டில். 34 விநாடியில் முடிந்துவிட்டது. மின்சார வண்டியின் புகழ் அன்றைக்கே சமதளத்தில் எழுதப்பட்ட புகழ்.

அதே 1899ல்தான் நம் மலைக்கு ரயில் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை. ஊட்டிக்கு நீண்டது 1908ல். மலைக்கு ரயில் போடலாம் என்ற யோசனை 1854லேயே எழுந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடம் ஏன் ஆயிற்று? பணம் ஒரு காரணம். ஒரு கம்பெனி 1891ல் வேலையைத் தொடங்கி, சில வருடங்களில் திவாலாகிப் போயிற்று. இன்னொரு காரணம், இவ்வளவு சரிவில் ரயிலை எப்படி ஏற்றி இறக்குவது என்பது. 1871ல் ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலையில் பல்சக்கர ரயில் ஓட்டிக் காட்டிய ரிக்கன்பாக் என்ற எஞ்சினியர், 1882ல் நீலகிரிக்கே வந்து மலையைப் பார்த்தார். கடைசியில் இங்கே போட்டது ஆப்ட் என்ற இன்னொரு ஸ்விஸ் நிபுணரின் பல்தண்டவாள முறை. ஏதோ ஒரு மலையில் ஓடிக் காட்டிய பிறகுதான் இந்த மலைக்கு வந்தது. காகிதத்தைப் பார்த்து வாங்கியதல்ல.

நம் ரயிலில் எஞ்சின் எங்கே இருக்கும் என்று குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லாறுக்கு மேலே அது பெட்டிகளை இழுப்பதில்லை; கீழே நின்று தள்ளுகிறது. இறங்கும்போதும் கீழ்ப் பக்கத்தில் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டே வருகிறது. அது போதாதென்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். ரயிலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் சொல்வார்: "ஏத்தத்துல தகராறு வந்தா வண்டி நின்னுடும், அவ்வளவுதான். இறக்கத்துல தகராறு வந்தா நிக்காது." அதாவது அந்த ரயிலைக் கட்டியவர்கள் எப்படி ஏறுவது என்பதோடு, எப்படி இறங்குவது என்பதையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

இனி மின்சாரத்தின் கதை. 1932ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. நம் மலைத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் கீழே இறங்கிப் போய்க் கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. மில்கள் வளர, மோட்டாரும் பம்புசெட்டும் செய்யும் பட்டறைகள் வளர்ந்தன. அறுபது வருடம் கழித்து, 1993ல், அதே கோவைப் பக்கத்திலிருந்து ஒரு மின்சாரக் கார் வந்தது. பெயர் லவ்பேர்டு. கோவையிலும் கேரளத்துச் சாலக்குடியிலும் இயங்கிய எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். இரண்டு பேர் உட்காரலாம். ஈய அமில பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 60 கி.மீ. 15 டிகிரிக்கு உட்பட்ட சரிவில் ஏறும் என்று சொல்லப்பட்டது.

அந்த 15 டிகிரி என்ற எண்ணில் நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். நம் ரயில் பாதையின் மிகக் கடுமையான சரிவு 12 அடிக்கு 1 அடி என்று வைத்துக்கொண்டால், அது 5 டிகிரிகூட இல்லை. ரோட்டின் சராசரிச் சரிவு அதிலும் பாதி. காகிதப்படி பார்த்தால் லவ்பேர்டு நம் மலையில் சிரித்துக்கொண்டே ஏறியிருக்க வேண்டும்! ஆனால் கோவையிலிருந்து குன்னூர் சுமார் 70 கி.மீ.; ஊட்டி இன்னும் தூரம். சமதளத்திலேயே 60 கி.மீ. ஓடும் வண்டி, ஏற்றத்தில் எப்படி வந்து சேரும்? வண்டிக்குப் பிரச்சினை சரிவின் கோணம் அல்ல, சரிவின் நீளம். அந்த நீளத்தைச் சொல்ல விவரத் தாளில் கட்டமே இல்லை.

லவ்பேர்டு அதிகம் விற்கவில்லை. கொஞ்ச காலத்தில் நின்றுபோயிற்று. அதைச் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. காலத்துக்கு முந்திப் பிறந்த பிள்ளை அது. 2001ல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பும் வசதி அதில் இருந்தது. இன்றைய எல்லா மின்சாரக் கார்களிலும் அது உண்டு. மலைவாசிக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை என்பேன்.

ஏன் என்று சொல்ல, இதுவரை சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996ல், பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரத்தனத்தில், குன்னூரிலிருந்து நியூட்ரலில் போட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில், பிள்ளைகள் பின்னால். பிரேக் மிதித்து மிதித்துச் சூடேறி, பர்லியார் நெருங்கும்போது கால் சும்மா உள்ளே போயிற்று. பதறிப்போய் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன். எதிரே பலாப்பழக் கடை. பலாப்பழம் வாங்கத்தான் நிறுத்தினேன் என்று என் மனைவி நினைத்தாள். நானும் இறங்கிப்போய் ஒரு பழம் வாங்கினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு மேலாகிறது. யாராவது இதைப் படித்துக் காட்டினால்தான் அவளுக்கே தெரியும்.

ஆகவே ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். முதலில் போன ஷோரூமில், "மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் சார்" என்று சொல்லி, கோவை ரோட்டில் பத்து நிமிடம் சுற்றிக் காட்டினார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று, சத்தமே இல்லை. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு கோத்தகிரிப் பையன் இருந்தான். "ஐயா, உங்க சந்தேகம் எனக்குப் புரியுது. ஞாயித்துக்கிழமை மேல வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றான்.

போனோம். அவன், நான், என் மனைவி. மேட்டுப்பாளையத்தில் பேட்டரி 82 சதவீதம் காட்டியது. குன்னூர் வந்தபோது 47. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு 35 சதவீதம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வண்டியும் ஆட்களும் 1,600 கிலோ. ஏறியது ஏறக்குறைய 1,400 மீட்டர். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் கரண்ட் பில் கணக்கில் 6 யூனிட் வேண்டும். அது போகத்தான் ரோட்டில் ஓடும் செலவு. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போயின.

பிறகு இறங்கினோம். பிரேக்கை நான் பெரும்பாலும் தொடவே இல்லை. காலை எடுத்தால் போதும், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி அடங்கி வந்தது. நம் ரயில் எஞ்சின் கீழே நின்று தாங்குவது நினைவுக்கு வந்தது. மேட்டுப்பாளையத்தில் பார்த்தால் 49 சதவீதம். 47ல் கிளம்பி 49! பர்லியார் பழக்கடைகளைத் தாண்டும்போது மனைவி கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக வந்தாள். ஒரு குலுக்கல் இல்லை.

அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். "ஐயா, மேல இருந்து கிளம்பும்போது ஃபுல் சார்ஜ் போட்டுட்டு இறங்காதீங்க. பேட்டரியில இடம் இருந்தாத்தான் திருப்பி வாங்கிக்கும். இல்லேன்னா பழையபடி பிரேக்கை நம்பித்தான் இறங்கணும்." நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? யோசித்தால் எளிதான விஷயம்தான். ஆனால் நான் பார்த்த விளம்பரத் தாளில் இது இல்லை. மகனுக்கும் தெரியாது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கியிருப்பேன் நான்.

பிரெஞ்சில் சோதனை ஓட்டத்துக்கு எஸ்ஸே என்று பெயர். கட்டுரைக்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் மூல அர்த்தம் முயன்று பார்ப்பது. மகன் போனில் படித்தது பொய் அல்ல. அது சமதளத்தின் உண்மை. நம் ஊருக்கு வந்தால் அதை இன்னொரு தடவை முயன்று பார்க்கத்தான் வேண்டும்.

வாங்க நினைக்கும் மலைவாசி நண்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். நீங்கள் எந்த ரோட்டில் தினம் போவீர்களோ அந்த ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். கல்லட்டியின் 36 வளைவுகளில் போகிறவர் கல்லட்டியில் பார்க்கட்டும். தனியாக ஓட்டாமல், வழக்கமாக ஏறும் ஆட்களோடு ஏறுங்கள். கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை, திரும்பக் கீழே ஒரு தடவை பேட்டரி எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏறியதும் திருப்தியாகித் திரும்பிவிடாதீர்கள். இறங்கியும் பாருங்கள்.

வண்டிக்குச் சொல்லிவிட்டோம். அடுத்த மாத ஊசிக்கு அதில்தான் போக வேண்டும் என்று மனைவியின் உத்தரவு. வரும் வழியில் பர்லியாரில் நிறுத்தி ஒரு பலாப்பழம் வாங்குவதாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே பழத்துக்காக.