கடலில் எழுதிய சமாதானம்: தமிழகக் கடல்மீன்பிடி ஒழுங்குமுறையின் வரலாறு

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. அதன் ஐந்தாவது பிரிவு அரசுக்குத் தடைவிதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. எந்தக் காரணங்களுக்காகத் தடை விதிக்கலாம் என்பதையும் சொல்கிறது. முதலில் நிற்பது கட்டுமரம், நாட்டுப்படகு போன்ற மரபுக் கலங்களில் தொழில் செய்வோரின் நலன். அடுத்தது மீன்வளப் பாதுகாப்பு. மூன்றாவது, கடலில் சட்டம் ஒழுங்கைக் காப்பது. மீன்வளச் சட்டமொன்றில் காவல்துறைக் கவலை எப்படி நுழைந்தது? இந்த வரிசையே தமிழகக் கடற்கொள்கையின் பிறப்புச் சான்றிதழ் என்பது என் கருத்து. நம் கடல் விதிகளில் பெரும்பாலானவை சண்டையை நிறுத்த எழுதப்பட்டவை. மீனைக் காக்கும் வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கடலுக்கு விதி செய்வது நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, அரசுகள் நடத்தியபோது, கடலடிப் பாரில் கிடக்கும் சிப்பி முற்றியிருக்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். முற்றாவிட்டால் சலாபம் திறக்காது. ஒரு சலாபத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடியதுண்டு. இன்றைய மீன்பிடித் தடைக்காலத்தின் மூதாதை என்று இதைச் சொல்லலாம், ஒரு வேறுபாட்டோடு: அன்று காக்கப்பட்டது அரசின் வருவாய். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல்.

கரையோர ஊர்களிலும் விதி இருந்தது. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ முறைப்படி, எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை வைப்பது என்று சீட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறைவைத்துச் சுழலும். சோழமண்டலக் கரையை ஆராய்ந்த நெதர்லாந்து அறிஞர் மார்டன் பாவிங்க், ஊர்ப் பஞ்சாயத்துகள் பெரும்பான்மையோருக்குக் கேடு செய்யும் வலைகளைத் தாமே தடைசெய்ததைப் பதிவு செய்திருக்கிறார். இந்த ஏற்பாட்டை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. பாடு முறையில் பங்கு தலைக்கட்டான ஆண்களுக்குத்தான். வேற்றுச் சாதியார் வெளியேதான் நின்றார்கள். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: கண்காணிக்க அதிகாரி தேவைப்படவில்லை. பக்கத்தில் வலை வைத்தவனே காவல்.

ஆங்கிலேய அரசின் அக்கறை நெடுங்காலம் உப்பைச் சுற்றியே இருந்தது. உப்பு வரியால் கருவாட்டுத் தொழில் நசியாமலிருக்க, அரசுக் கூடங்களில் வரியில்லா உப்பு தந்தார்கள். 1905இல் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்வளத்தை ஆராயும் பொறுப்பேற்றார். 1907இல் தனித் துறை பிறந்தது. அவர் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள மீன்பிடியைப் பார்த்துக் குறிப்பு எழுதியவர். அந்தக் காலத்துக் கேள்வி ‘எப்படி அதிகம் பிடிப்பது, எப்படிக் கெடாமல் காப்பது’ என்பதே. ‘எவ்வளவு பிடிக்கலாம்’ என்ற கேள்விக்கு அன்று தேவை எழவில்லை.

விடுதலைக்குப் பிறகும் அதே நோக்கம், வேகம் மட்டும் கூடியது. 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் விசைப்படகைக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் இறாலுக்கு விலை ஏறியதும் கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி வலை பரவியது. இறால் கிடப்பது கரையோரச் சேற்றுத் தரையில். நாட்டுப்படகுக்காரர் வலை விரிப்பதும் அதே நீரில்தான். ஆழ்கடலுக்கென்று மானியம் வாங்கிய படகு கரையை ஒட்டியே உழுதது; கட்டுமரக்காரரின் வலைகள் அறுந்தன. 1970களில் சென்னைக் கரையிலும் வேறு பல இடங்களிலும் மோதல்கள் வெடித்தன.

பாக் நீரிணையில் அந்த மோதலுக்குக் கிடைத்த தீர்வு வியப்பானது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. இராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள்கள். கடலைப் பிரிக்க முடியாதபோது நாளைப் பிரித்தார்கள். பழவேற்காட்டுப் பாடு முறையின் தர்க்கமே இங்கே பெரிய உருவில் திரும்பி வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய மோதல்களை அடுத்து ஒன்றிய அரசு 1976இல் மஜும்தார் குழுவை அமைத்தது. 1979இல் மாதிரி மசோதா மாநிலங்களுக்குப் போனது. அரசமைப்புப்படி 12 கடல் மைலுக்குள் மீன்பிடி மாநிலத்தின் பொறுப்பு, அப்பால் ஒன்றியத்தின் பொறுப்பு. 1980இல் கேரளமும், 1983இல் தமிழ்நாடும் சட்டம் செய்தன. கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகு விடியல் ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும் என்று விதி வந்தது. மூன்று மைல் கோட்டைக் கடலில் யார் பார்ப்பது? எளிதில் பிடிக்கக்கூடியது துறைமுகத்தில் புறப்படும் நேரம் மட்டுமே. அதே ஐந்தாவது பிரிவில், ஓரிடத்தில் எத்தனை படகு தொழில் செய்யலாம் என்று வரையறுக்கும் அதிகாரமும் இருக்கிறது. அரசியல் விலை அதிகம் என்பதால் அரசுகள் அதைத் தொடத் தயங்கின. நேரமும் வலையும் கையாள எளிது.

2001இல் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017இல் ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. இனப்பெருக்கக் காலம் என்பது காரணம். வெப்பமண்டலக் கடலில் எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை என்பதால், இதை ஓய்வுக் காலம் என்று சொல்வதே பொருத்தம். ஓய்வு முடிந்த மறுநாள் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்புகின்றன. இரண்டு மாதத்தில் கடல் சேர்த்ததன் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே வலைக்குள் வந்துவிடுகிறது.

மீன்கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலை விவகாரத்திலும் பழைய கதைதான். தமிழக அரசு அதை 2000இல் தடைசெய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என இடைக்கால அனுமதி தந்தது. இங்கும் நாளும் மணியும்தான் அளவுகோல்; எத்தனை டன் என்ற பேச்சில்லை.

படகைக் குறைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. பாக் நீரிணையின் இழுவைப்படகுகளை விலக்கி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளைத் தரும் திட்டம் 2017இல் தொடங்கியது. இலக்கு 2,000 படகுகள். அன்று ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். அதில் 50 விழுக்காடு ஒன்றிய அரசும் 20 விழுக்காடு மாநில அரசும் தர, எஞ்சியது 20 விழுக்காடு வங்கிக் கடனும் 10 விழுக்காடு மீனவர் பங்கும். அதே 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியை முழுமையாகத் தடைசெய்தது. போருக்குப் பின் கடலுக்குத் திரும்பிய வடமாகாணத் தமிழ் மீனவரின் நெடுநாள் கோரிக்கை அது. ஒரே ஆண்டில் இரு கரையும் ஒரே திசையில் நகர்ந்த அரிய தருணம். ஆனால் இங்கே ஒருநாள் தொழிலுக்குப் பழகியவர்களிடம் தங்குகடல் தொழிலுக்கு மாறச் சொன்னோம்; கடனும் பராமரிப்புச் செலவும் பயமுறுத்தின. குறித்த காலத்தில் இலக்கின் சிறு பகுதியே நிறைவேறியது. இராமேசுவரத்தில் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் இழுவைப்படகுகள் இன்றும் புறப்படுகின்றன.