சேஸிக்கு உடல் தந்தவர்கள்
மெர்சிடிஸ் செடானை ஆம்புலன்ஸாகவும் வேகனாகவும் மாற்றிய ஜெர்மானியப் பட்டறைகளின் தொழிலும், கள்ளக்குறிச்சிக் கரும்பு லாரிக்கு பாடி கட்டும் தொழிலும் அடிப்படையில் ஒன்றே என்பேன். அங்கே முழுக் காரை அறுத்தார்கள், இங்கே வெறும் சேஸிமேல் கட்டுகிறார்கள், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். ஆனால் பின்ஸ், மீசன் போன்ற பட்டறைகளுக்கு மெர்சிடிஸ் ஆலையே முன்பாதி மட்டும் முடித்த வண்டிகளை அனுப்பியது. கரூருக்கும் நாமக்கல், திருச்செங்கோட்டுக்கும் லேலண்ட் சேஸி வந்ததும் ஏறத்தாழ அப்படித்தான். 1977இல் டபிள்யூ123 வரிசையில் மெர்சிடிஸ் தானே வேகனை அறிமுகப்படுத்திய பின் பட்டறை வேகன்கள் அருகின. ஆம்புலன்ஸும் அமரர் ஊர்தியும் பட்டறைகளின் கையிலேயே நின்றன. நம் பட்டறைகள் நிலைத்ததற்கும் அதுவே காரணம்: கரும்புக்கு ஒரு பாடி, கோழிக்கு வேறு, கல்வராயன் மலை வளைவுக்குக் குட்டையான பஸ் என்று ஒவ்வொரு தேவையும் தனி அளவு கேட்கிறது.